‘உற்பத்தி’ என்னும் சொல்லாட்சி: கொசுவை முன்வைத்து ஓர் ஆய்வு

‘உற்பத்தி’ என்னும் சொல்லைத் தமிழர் நாள்தோறும் தங்குதடையின்றிப் புழங்கி வருகின்றனர். அதற்கு என்ன பொருள் என்று யாரும் கேட்காததே இந்தச் சரளத்துக்குக் காரணம் என்பது இவ்வாய்வின் கருதுகோள். நெய்வேலியில் மின்சாரம் உற்பத்தியாகிறது. நாமக்கல்லில் முட்டை உற்பத்தியாகிறது. குடகு மலையில் காவிரி உற்பத்தியாகிறது. மொட்டை மாடியில் மூடாமல் விட்ட தொட்டியில் கொசு உற்பத்தியாகிறது. நான்கையும் ஒரே சொல்லால் சுட்டுகிற மொழி சோம்பல் பிடித்ததாக இருக்க வேண்டும். இல்லையேல் நான்குக்கும் பொதுவான ஏதோ ஒன்றை அது கண்டு வைத்திருக்க வேண்டும். முன்னதை ஏற்றால் கட்டுரை இந்த இடத்திலேயே முடிந்துவிடும். ஆய்விதழ்கள் கேட்கும் பக்க அளவு தேறாது. ஆகவே பின்னதை ஏற்று மேலே செல்கிறோம்.

முதலில் சொற்பிறப்பு. அது இல்லாத கட்டுரையை அறிஞர் உலகம் கட்டுரை என்றே மதிப்பதில்லை. இச்சொல் வடமொழி ‘உத்பத்தி’யிலிருந்து வந்தது. எழுதல், தோன்றுதல், பிறத்தல் என்பவை அதன் மூலப்பொருள்கள். இயந்திரம், கூலி, லாபம், கதவடைப்பு ஆகிய எதுவும் அதில் அடங்கவில்லை. எனவே காவிரியும் கொசுவுமே இச்சொல்லின் நேர் வாரிசுகள்; பஞ்சாலையும் கார்த் தொழிற்சாலையும் பின்னால் வந்து பங்கு கேட்ட தாயாதிகள். இதன் போட்டிச் சொல்லான ‘தயாரிப்பு’, உருது வழி வந்த ‘தயார்’ என்பதன் அடியாகப் பிறந்தது. சினிமாவுக்குத் தயாரிப்பாளர் உண்டு, உற்பத்தியாளர் கிடையாது. கொசுவுக்கு உற்பத்தி உண்டு, தயாரிப்பு கிடையாது. இரண்டையும் விலக்கி ‘விளைவாக்கம்’ என்று எழுதலாமே என்பாரும் உளர். ‘எங்கள் தெருவில் கொசு விளைவாக்கம் அதிகம்’ என்று சுகாதார ஆய்வாளரிடம் ஒருமுறை சொல்லிப் பார்க்குமாறு அவர்களை வேண்டிக்கொள்கிறோம். புகார் நூல் வெளியீட்டு விழா அழைப்பிதழ் போல ஒலிக்கும்.

இனி வகைப்பாடு. உற்பத்தி ஐவகைப்படும். ஆற்றுற்பத்தி: மழை பார்த்துக்கொள்ளும். மின்னுற்பத்தி: வாரியம் பார்த்துக்கொள்ளும். பாலுற்பத்தி: இதில் சிறு சிக்கல் உண்டு. ஆவின் என்று நாம் சுருக்கி அழைக்கும் அமைப்பின் முழுப்பெயரிலேயே ‘பால் உற்பத்தியாளர்கள்’ என்ற தொடர் இருக்கிறது. கிராமத்துச் சங்கங்களின் பெயர்ப் பலகையிலும் இருக்கிறது. ஆனால் எந்தச் சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டிலும் எந்தப் பசுவின் பெயரும் இல்லை. தருவது பசு, கறப்பது ஒருவர், பணப் பட்டுவாடாவுக்குப் பெயர் கொடுத்திருப்பவர் இன்னொருவர். இவர்களுள் பெயர் கொடுத்தவரே உற்பத்தியாளர் (காண்க: கீழே). நான்காவது ஆலையுற்பத்தி. ஐந்தாவது கொசுவுற்பத்தி.

ஆலையுற்பத்தி என்றால் என்ன என்பதை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் தன் 2ஆம் பிரிவில் வரையறுத்தது. வரையறுத்தவர்கள் வஞ்சகம் செய்யவில்லை. ஒரு பொருளைச் செய்தல் மட்டுமா? மாற்றுதல், பழுதுபார்த்தல், அலங்கரித்தல், கட்டிப் பொதிதல், எண்ணெயிடுதல், கழுவுதல், துப்புரவு செய்தல், உடைத்தல், இடித்தல் அனைத்தும் உற்பத்தி முறைகளே. தண்ணீரையோ சாக்கடையையோ பம்பு வைத்து இறைத்தாலும் உற்பத்திதான். இதெல்லாம் நடக்கும் இடம் ‘தொழிற்சாலை’ ஆவதற்கு, மின்விசை இருந்தால் 10 பேரும் இல்லாவிட்டால் 20 பேரும் வேலை செய்ய வேண்டும் என்ற ஒரு நிபந்தனை மட்டும் இல்லையென்றால், அடுக்ககத்தில் விடிகாலை மோட்டார் போடும் காவலாளி தொழிற்சாலை நடத்துபவராகியிருப்பார். அதன் இடத்துக்கு வந்த 2020ஆம் ஆண்டுத் தொழிலாளர் தொகுப்புச் சட்டம் அந்த எண்களை 20, 40 என்று இரட்டிப்பாக்கியது. காவலாளி இன்னும் பின்னுக்குப் போனார்.

வரிச் சட்டத்தின் போக்கு இதற்கு நேர்மாறு. தொழிற்சாலைச் சட்டம் துடைப்பத்தைத் தூக்கியவரையும் உற்பத்தியில் சேர்க்கும். வரி வழக்குகளோ இறாலைத் தோலுரித்தவரைக்கூட வெளியே நிறுத்தும். வனஸ்பதி தொடர்பான டெல்லி கிளாத் மில்ஸ் வழக்கில் 1962இல் உச்ச நீதிமன்றம் ஓர் அளவுகோலைத் தந்தது: ஒரு பொருளில் ஏதோ மாற்றம் நிகழ்ந்தால் போதாது, தனிப் பெயரும் தனித் தன்மையும் தனிப் பயனும் உடைய புதுப்பொருள் ஒன்று வெளிவர வேண்டும். இந்த அளவுகோலின் வழிவந்த தீர்ப்புகளை இலக்கியம் போல் படிக்கலாம். அன்னாசியைத் தோல் சீவி, வில்லை போட்டு, சர்க்கரைப் பாகில் இட்டு டப்பாவில் அடைத்தாலும் அது அன்னாசியே என்றது 1980ஆம் ஆண்டுத் தீர்ப்பு. இறாலின் தலையையும் வாலையும் கிள்ளி, ஓடு நீக்கி, குடல் நரம்பை உருவி, உறைய வைத்தாலும் இறாலே என்றது 1986. பாக்கை உடைத்து எண்ணெயும் மணப்பொருளும் சேர்த்தாலும் பாக்கு பாக்குதான் என்றது 2007. ஆனால் நெல்லும் அரிசியும் வேறு வேறு சரக்குகள். தலை போனாலும் இறால் இறாலே. உமி போனால் நெல் நெல்லன்று. உயிரியல் ஆசிரியர்கள் எத்தனை ஆண்டு முயன்றும் கற்பிக்க முடியாத இந்த நுட்பத்தை விற்பனை வரி அதிகாரிகள் நாட்டுக்குக் கற்பித்தனர்.

இவ்வளவு கடுமையான அளவுகோலில் ஐயத்துக்கு இடமின்றித் தேறுவது கொசு ஒன்றே என்பது எம் துணிபு. முதற்கண், பெயர். முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு என நான்கு கட்டங்களுக்கும் நான்கு பெயர்கள் உண்டு; எதற்கும் எதையும் மாற்றிச் சொல்ல முடியாது. அடுத்து, தன்மை. நேற்று வரை நீருக்குள் நெளிந்தது இன்று பறக்கிறது. அன்னாசி டப்பாவால் இயலாத சாதனை இது. உற்பத்தித் திறனோ பொறாமை கொள்ளத் தக்கது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பாத்திரத்தின் உட்சுவரில், நீர்மட்டத்தை ஒட்டி முட்டையிடுகிறது. தண்ணீர் வற்றினால் முட்டைகள் மாதக்கணக்கில் உலர்ந்து காத்திருக்கும். மறுபடி நீர் ஏறினால் உற்பத்தி தொடங்கிவிடும். கிடங்கு வாடகை இல்லை, மின்கட்டணம் இல்லை. வெயில் வாட்டத்தைப் பொறுத்து ஏறக்குறைய பத்து நாளில் சரக்கு வெளியேறுகிறது. பகல் ஷிப்டில் கடிக்கிறது. விநியோகப் பொறுப்பு முழுவதும் பெண் கொசுக்களிடம். ஆலைக்கு இடம் தேடி அரசிடம் மனுப்போடுவதுமில்லை. கொட்டாங்குச்சி, பழைய டயர், கிரைண்டர் வந்தபின் கொல்லையில் கிடக்கும் ஆட்டுரலின் குழி, பிரிட்ஜின் பின்புறம் சொட்டுநீர் சேரும் தட்டு என்று இருப்பதைக் கொண்டு நடத்துகிறது. இவற்றுள் ஆட்டுரல் தனிக் கவனத்துக்குரியது. மாவு உற்பத்தியிலிருந்து ஓய்வுபெற்ற பின் கொசு உற்பத்தியில் மறுநியமனம் பெற்ற ஒரே கருவி அதுவே (காண்க: மேலே, மேலே கண்டவர் மீண்டும் கீழே காண்க).

இத்துறையின் முதன்மைச் சான்றுகள் ஏட்டில் இல்லை, தொட்டியில் உள்ளன. ஊராட்சிகளின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகளில் ‘சுத்தம் செய்த நாள்’, ‘அடுத்துச் சுத்தம் செய்ய வேண்டிய நாள்’ என இரண்டு வரிகள் பெயின்டில் எழுதப்பட்டிருக்கும். தேதிக்கான இடம் காலியாக இருக்கும் படிகளை ‘சிதைந்த கல்வெட்டு’ என்று கொள்வதா, ‘முற்றுப்பெறாத கல்வெட்டு’ என்று கொள்வதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு (இவ்வேறுபாட்டை விளக்கும் அடிக்குறிப்பு இடமின்மையால் நீக்கப்பட்டது, அது நீக்கப்பட்டதைக் கண்டிக்கும் அடிக்குறிப்புக்கு இடம் ஒதுக்கியிருந்தோம், அதையும் இந்த அடைப்புக்குறி விழுங்கிவிட்டது).

கொசுவுக்குப் பயன் இல்லையே, அளவுகோலின் மூன்றாம் உறுப்பில் அது தவறுகிறதே என்பது முதல் தடை. சுருள், வலை, திரவப் புட்டி, பட்டென்று பொறி தட்டும் மட்டை, மாலையில் தெருவை மறைக்கும் கொசுப்புகை வண்டி ஆகிய அனைத்துக்கும் அடிப்படைச் சரக்கு எது? பயன் வேண்டும் என்றுதான் கேட்கப்பட்டது. யாருக்கு என்று கேட்கப்படவில்லை. இரண்டாம் தடை கனமானது. கோழிக்குஞ்சு பொரிப்பகம் ஒன்று தான் செய்வது உற்பத்தி என்று கூறி வருமான வரிச் சலுகை கேட்ட வழக்கில், 1999இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. குஞ்சு உருவாவது இயற்கையின் உயிரியல் செயல். பொரிப்பகம் அதற்குத் துணை நிற்கிறது, அவ்வளவே என்பது காரணம். அடைகாக்கும் எந்திரம் வாங்கி, வெப்பமும் ஈரமும் அளந்து, இரவும் பகலும் காவல் இருந்தவர் உற்பத்தியாளர் இல்லையென்றால், தொட்டியை மூட மறந்தவர் மட்டும் எப்படிக் கொசு உற்பத்திக்குப் பொறுப்பாவார்? அவருக்கு மாநகராட்சி அபராதம் விதிப்பது எந்த நியாயம்?

விடை எளிது, இவ்வாய்வின் மையமும் அதுவே. பொரிப்பகம் வந்தது பணம் கேட்டு. தொட்டிக்காரரிடம் கேட்கப்படுவது பணம். ‘உற்பத்தி’ தமிழில் இரண்டு துணைவினைகளோடு வரும்: ஆகு, செய். தன்னால் நிகழ்ந்தது முன்னது. ஒருவர் நிகழ்த்தியது பின்னது. இலக்கணம் இதைப் பொருளைப் பார்த்துத் தீர்மானிப்பதாகச் சொல்கிறது. நடைமுறை ரசீதைப் பார்த்துத் தீர்மானிக்கிறது. வரவு இருக்கும் இடத்தில் ‘செய்’. செலவு இருக்கும் இடத்தில் ‘ஆகு’. ஏற்றுமதி கூடினால் உற்பத்தி செய்தோம் என்று பேட்டி வரும். ஆற்றில் சாயக்கழிவு ஓடினால் கழிவு உற்பத்தியாகிறது என்று அறிக்கை வரும். கழிவைச் செய்தவர் என்று ஒருவரும் தமிழ் உரைநடையில் இதுவரை தென்படவில்லை. மொத்த உள்நாட்டு உற்பத்தியின் கணக்கும் இதை உறுதி செய்கிறது. ஓட்டலில் சுட்ட தோசை நாட்டின் உற்பத்தி. அதே மாவில், அதே கல்லில், வீட்டில் ஒருத்தி சுட்டு வீட்டார் தின்ற தோசை கணக்கில் ஏறாது. அது வெறுமனே ஆகிவிட்டது. இக்கருத்தைச் சொல்ல நூற்பா எதுவும் அகப்படாமையால் யாமே ஒன்று இயற்றினோம்:

ஆகலும் ஆக்கலும் ஆயிரு பாலும்
உற்பத்தி யென்ப உழையா தோரே.

இதன் உரை: ‘என்ப’ என்றமையால் சொல்பவர் வேறு, செய்பவர் வேறு என்பது பெறப்படும். ‘உழையாதோர்’ என்றது சோம்பேறிகளை அன்று, வரையறை எழுதுவோரை. ஈற்றேகாரம் தேற்றம், அசைநிலை என்பாரை மறுக்கத் தனி நூல் வேண்டும், அதற்கு நிதி வேண்டும்.

ஆய்வுகளும் உற்பத்தியே அல்லவா என்ற ஐயம் எஞ்சுகிறது. 2010இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர்களின் கட்டுரைகளுக்குப் புள்ளி போடும் முறையைக் கொண்டுவந்த பிறகு, ‘முன்வைத்து ஓர் ஆய்வு’ என்று முடியும் தலைப்புகளின் விளைச்சல் குறித்து எவருக்கும் புகார் இருக்க முடியாது. பழைய ஆய்வேட்டை எடுத்து மாற்றி, பழுதுபார்த்து, அலங்கரித்து, கட்டிப் பொதிந்தால் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது ஐயமற உற்பத்தி. 1962ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அளவுகோலைக் கொண்டு வந்தால் மட்டும் பல துறைகளில் இறால் இறாலாகவே இருப்பது தெரியவரும். அந்த அளவுகோலை எந்த ஆய்வு நெறியாளரும் கையில் எடுத்ததில்லை என்பது ஆறுதல்.

ஆக, உற்பத்தி என்பது யாரோ செய்து, வேறொருவர் பெயர் பெற்று, இழப்பு வரும்போது தானாக நடந்துவிடும் ஒன்று என நிறுவப்பட்டது. இதை மறுப்போர் தம் மறுப்பை எழுதுமுன் மாடிக்குப் போய், வாரம் ஒருமுறை தொட்டியை உட்சுவர் தேய்த்துக் கழுவி, காயவைத்து, இறுக மூடிவிட்டு வருமாறு கேட்டுக்கொள்கிறோம். கழுவுதலும் துப்புரவும் சட்டப்படி உற்பத்தி முறைகளே. கொசு நிறுத்திய இடத்திலிருந்து நீங்கள் தொடங்கலாம்.