லைன் வீட்டில் ஒரு சோதனைச் சாவடி

கோலார் தங்கவயல்காரனைச் சோதனை போடுவது சுலபம். பழகிய உடம்பு. மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கிப் பாறையைக் குடைந்துவிட்டு மேலே ஏறி வந்தவனைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விட்டார்கள். குண்டுமணித் தங்கம் காணாமல் போய்விடக் கூடாதே! நுரையீரலில் ஏற்றிக்கொண்டு போன பாறைத்தூசியைத் தாராளமாக எடுத்துப்போக விட்டார்கள்.

1930இல் சுரங்க நிர்வாகம் கைரேகை கேட்டபோது எங்கள் பாட்டன்மார் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். விவரமில்லாதவர்கள், பாவம். நாங்கள் ரேஷன் அரிசிக்கே விரல் நீட்டுகிறோம்.

இப்போது எங்கள் லைன் வீட்டு, அதாவது சுரங்கத் தொழிலாளர் வரிசை வீட்டு, டிவியின் முறை. 2011இல் கேபிள் சட்டத்தைத் திருத்தினார்கள். ஊர் ஊராக செட்டாப் பாக்ஸ் கட்டாயமானது. காசு கொடுத்து வாங்கி, பெயரும் முகவரியும் எழுதிக் கொடுத்தோம். 2018இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு ஓர் ஆசை பிறந்தது: புதிய டிடிஎச் பெட்டிகளில் சிப் வைத்து, எந்தச் சேனலை எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்று கணக்கெடுக்க வேண்டுமாம். விளம்பரக் காசு சரியான இடத்துக்குப் போவதற்காம்! எதிர்ப்பு கிளம்பியது. 2022இல் அதே ஆசை 'ரிட்டர்ன் பாத் டேட்டா' என்று பெயர் சூட்டிக்கொண்டு, பிரசார் பாரதி தலைமைச் செயல் அதிகாரியின் தலைமையில் குழுவாக வந்து உட்கார்ந்தது.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை இழுத்து மூடியவர்களுக்கு, விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்குக் கூலிக்கு ஓடுகிறவனின் வயிற்றைக் கணக்கெடுக்க ஒரு சிப் கிடைக்கவில்லை. தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டுப் புழுதி எங்கள் நெஞ்சில் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க ஒரு பெட்டி வரவில்லை. ராத்திரி நாங்கள் பார்ப்பது சீரியலா, செய்தியா? அது தெரியாமல்தான் தேசம் தூக்கமின்றித் தவிக்கிறது!

அரசு மட்டும் மகா கூச்ச சுபாவி. 2022 ஜனவரியில் மீடியாஒன் என்ற மலையாளச் சேனலை நிறுத்தியது. ஏன் என்று கேட்டால், காரணத்தை மூடிய உறையில் போட்டு நீதிபதிகளிடம் மட்டும் நீட்டியது. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் ஒன்பது நீதிபதிகள் சொன்னது குடிமக்களுக்காக. அரசோ அதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டுவிட்டது. 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும், தான் விரும்பும் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறது.

ஐயாமார்களே, சோதனை போடுவதென்றால் வாசலின் இரண்டு பக்கமும் போடுங்கள். எங்கள் மடியில் இருந்த தங்கமெல்லாம் எப்போதோ போய்விட்டது. உங்கள் மடியில் கனமில்லையென்றால், முதலில் அந்த உறைகளைப் பிரியுங்கள்.