என் வீடு எப்போது அலுவலகம்?

அனுப்புநர்: ஊழியர் எண் மட்டும் உள்ள ஒருவன், நான்காவது மாடி (இடம் கிடைத்தால்), பழைய மகாபலிபுரம் சாலை, சென்னை.

பெறுநர்: மனிதவளத் துறைத் தலைவர் அவர்கள், அதே கட்டடம், ஒன்பதாவது மாடி (தனி அறை).

பொருள்: வாரம் 5 நாளும் அலுவலகம் வர ஆணையிட்டமைக்கு நன்றி தெரிவித்தல் – ஒரு சிறு ஐயம் நீக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: ஞாயிறு இரவு 10.40க்குத் தாங்கள் வீட்டிலிருந்து அனுப்பிய மின்னஞ்சல்.

மதிப்பிற்குரிய ஐயா,

பார்வையில் கண்ட மின்னஞ்சல் கிடைத்தது. ஒன்றாக உட்கார்ந்தால்தான் ஒன்றாகச் சிந்திக்க முடியும் என்று எழுதியிருந்தீர்கள். படித்து மெய்சிலிர்த்து, மறுநாளே கிளம்பி வந்துவிட்டேன். மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் சிக்னல் ஏழெட்டு கிலோமீட்டர்தான். அதற்கு முக்கால் மணி நேரம். அங்கே திரும்பினால் மெட்ரோ வேலைக்கான தடுப்புகள். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை 45 கிலோமீட்டர் ரயில் வரப்போகிறது, பொறுத்துக்கொள்ளலாம். அது ஓடத் தொடங்கும்போது எனக்கு ஓய்வுபெறும் வயது வந்துவிடக் கூடாதே என்பதுதான் கவலை.

வந்து சேர்ந்ததும் ஒன்றாகச் சிந்திக்க ஆள் தேடினேன். என் அணியில் ஏழு பேர். இருவர் புனே, ஒருவர் கொச்சி, இருவர் கோயம்புத்தூர். சென்னையில் நானும் செந்திலும் மட்டும். காலை பத்து மணி ஸ்டேட்டஸ் காலுக்குப் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இருவரும் சேர்ந்தோம். நான் பேசியது அவன் மைக்கில் ஏறி, புனேவுக்குப் போய், என் ஹெட்போனுக்கே இரண்டாம் முறை வந்தது. "யாராவது ஒருத்தர் மியூட் பண்ணுங்க, எக்கோ அடிக்குது" என்றார் மேனேஜர். அவர் பெங்களூரில் இருக்கிறார். கடைசியில் செந்தில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் போய் உட்கார்ந்தான். அன்று முதல் ஒரே கட்டடத்தில் ஒன்றாக இருக்கிறோம், அவன் படிக்கட்டில், நான் மேஜையில்.

மேஜை என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். கொரோனா காலத்தில் செலவைக் குறைக்க இரண்டு மாடிகளைக் காலி செய்தீர்கள். இப்போது எல்லோரையும் அழைத்திருக்கிறீர்கள், மாடிகளை மட்டும் திரும்ப அழைக்கவில்லை. முந்தின இரவு 12 மணிக்குத் திறக்கும் செயலியில் நாற்காலி பிடிக்க வேண்டும், தீபாவளி ரயிலுக்கு டிக்கெட் போடுவதுபோல. தவறினால் கேண்டீன். சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வங்கியின் கணக்குகளைச் சரிபார்த்திருக்கிறேன்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருந்து சொல்லித்தர ஆள் வேண்டும் என்பதில் உங்களோடு எனக்கு வாதமே இல்லை. நானும் அப்படித்தான் கற்றேன், ஒரு அண்ணன் என் கீபோர்டைப் பிடுங்கிக் காட்டிக்கொடுத்து. என் பொறுப்பில் அப்படி இரண்டு பிள்ளைகளை விட்டிருக்கிறீர்கள். கோயம்புத்தூரில் இருக்கும் அந்த இருவரும் அவர்கள்தான்.

இனி என் ஐயம்.

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்தபோது என் வீட்டுக்கு டெம்போவில் கம்ப்யூட்டரும் யுபிஎஸ்ஸும் அனுப்பினீர்கள். இறக்கிவைத்தவர் கையெழுத்து வாங்கும்போது, "சார், இனி இதான் ஆபீஸா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்த ஆண்டு லாபம் குறையவில்லை என்று நீங்களே பாராட்டி மடல் எழுதினீர்கள். 2022 ஜூலையில் மத்திய வணிக அமைச்சகம் 43ஏ என்று ஒரு விதி கொண்டுவந்து, சிறப்புப் பொருளாதார மண்டல ஊழியர்களில் பாதிப் பேர் வரை வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்றது. ஆக, என் வீட்டுக் கூடத்துக்கு அரசாங்க அங்கீகாரமும் கிடைத்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் எல்லாம் தண்ணீர். ஊழியர்கள் பாதுகாப்பாக வீட்டிலிருந்தே பணிபுரியவும், பணி பாதிக்கக் கூடாது என்று உங்களிடமிருந்து மின்னஞ்சல். எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை. முழங்கால் தண்ணீரில் லேப்டாப்பைத் தலையில் சுமந்து, தாம்பரத்தில் மாமா வீட்டுக்குப் போய் லாகின் செய்தேன். அன்று மாமா வீடும் அலுவலகம்.

இரவு ஒன்பதரைக்கு டல்லாஸ் கால் வரும்போது என் வீடு அலுவலகம். ஞாயிற்றுக்கிழமை சர்வர் படுத்துவிட்டால் என் வீடு அலுவலகம். திங்கள் முதல் வெள்ளிவரை, காலை ஒன்பதரை முதல் மாலை ஆறரைவரை மட்டும் அதே வீடு கவனம் சிதறும் இடமாக, ஒழுங்கு கெட்ட இடமாக மாறிவிடுகிறது. வாஸ்து பார்ப்பவரிடமும் கேட்டுவிட்டேன். அவருக்கும் விளங்கவில்லை.

ஆய்வுகள் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள், எந்த ஆய்வு என்று சொல்லவில்லை. என்னிடம் ஒன்று இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் நிக்கோலஸ் புளூமும் மற்றவர்களும் சீனாவின் டிரிப்.காம் நிறுவனத்தில் 1,612 பேரை வைத்துப் பார்த்து, 2024இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களின் திறமை குறையவில்லை, வேலையை விட்டுப் போவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன்: ஊர் உலகத்தையே வீட்டிலிருந்து பேசவைத்த ஜூம் நிறுவனம், 2023 ஆகஸ்டில் அலுவலகத்துக்கு அருகில் இருக்கும் தன் ஊழியர்களை வாரம் இரண்டு நாள் நேரில் வரச் சொன்னது. கவனியுங்கள் ஐயா, அவர்களே இரண்டு நாள்தான் கேட்டார்கள்.

நீங்கள் எண்ணுவது என் வேலையை அல்ல, வாசலில் அட்டை தேய்க்கும் நேரத்தை. அது தெரிந்த சிலர் காலையில் வந்து தேய்த்து, காபி குடித்து, கிளம்பிவிடுகிறார்கள். மாலையில் திரும்ப வந்து தேய்க்கிறார்கள். உங்கள் கணக்கில் அவர்கள்தான் முழு வருகை. நான் ஒருநாள் டீ குடிக்க வெளியே போய், திரும்பும்போது தேய்க்க மறந்து, அரைநாள் விடுப்பு இழந்தேன். அன்று முடித்துக்கொடுத்த வேலைக்கு க்ளையண்டிடம் முழுநாள் பில் போட்டிருக்கிறீர்கள்.

வாரம் இரண்டு நாளாவது வீட்டில் இருந்து வேலை பார்க்க அனுமதி தாருங்கள். அது முடியாதென்றால், வடகிழக்குப் பருவமழை வருகிறது, என் வீடு அலுவலகமாக மாறப்போகும் நாளை முந்தின இரவே தெரிவித்துவிடுங்கள். கேப் காலை 6.50க்கே வாசலில் வந்து நின்றுவிடுகிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள ஊழியன்

பி.கு.: இந்தக் கடிதம் அலுவலக நேரத்தில் எழுதப்பட்டதல்ல. டல்லாஸ் கால் முடிந்தபின், இரவு 11.20க்கு, வீட்டிலிருந்து.