துடைக்கத் துடைக்கத் தூசி

பெங்களூரு வானிலையைக் குறை சொல்பவருக்கு அந்த ஊரில் வாடகைக்கு வீடு கிடைப்பது கஷ்டம். வேர்க்காது, கசகசக்காது என்று சென்னை உறவினர்களிடம் சொல்லிச் சொல்லி வளர்த்த பெருமை அது. வாஸ்தவம்தான். ஆனால் அந்தக் காற்றேதான் எல்.பி. ரெக்கார்டு வைத்திருப்பவர் வீட்டில் வில்லன். கடலை விட்டு வெகுதூரம் தள்ளி, 900 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ஊர். பிப்ரவரி, மார்ச் மதியங்களில் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். அப்போது உறையிலிருந்து தட்டை உருவினால் சடசடவென்று சத்தம் வரும், முன்கை மயிர் எழுந்து நிற்கும். பாட்டு முடிந்து தட்டை எடுத்தால் பிளேயரின் ஃபெல்ட் விரிப்பும் ஒட்டிக்கொண்டு கிளம்பும்; பாதி வழியில் மனம் மாறி எங்கேயாவது விழும்.

பழியை முழுக்க வானிலை மேல் போடுவது நியாயமில்லை. பாதிக் குற்றவாளி ரசிகரின் பக்திதான். வினைல் என்று நாம் மரியாதையாகச் சொல்வது பி.வி.சி.; மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயும் அதே இனம்தான். எதோடு உரசினாலும் எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும். மின்சாரத்தைக் கடத்தாத பொருளாதலால் வாங்கியதைத் திருப்பித் தராது. சென்னையில் தட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படியும் நீர்ப்படலம் அந்த மின்னேற்றத்தை மெல்லக் கசியவிட்டுவிடும். பெங்களூரின் கோடையில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. இந்தச் சமயம் பார்த்து ரசிகர் தூசியைக் காண்கிறார், துணியை எடுக்கிறார். 1963-இல் வந்த எம்.எஸ். சுப்ரபாதத் தட்டு ஆயிற்றே, சாதாரணத் துணி படலாமா? பழைய பட்டுப் புடவைத் துண்டு வருகிறது. பட்டோ எலக்ட்ரானை வாரிக் கொடுப்பதில் வள்ளல். துடைக்கத் துடைக்க மின்னேற்றம் ஏறுகிறது, அறையில் அலைந்துகொண்டிருந்த தூசியெல்லாம் தட்டுக்குக் குடிவருகிறது. அவர் இன்னும் அழுத்தித் துடைக்கிறார்.

பாட்டின் நடுவே கேட்கும் கரகரப்பெல்லாம் பழைய தட்டின் கீறல், மின்சாரம் எங்கே வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. கீறலுக்கு ஒழுங்கு உண்டு. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி, அந்தக் கணக்குப்படி தவறாமல் 'டிக்' என்றால் கீறல், அல்லது பள்ளத்தில் ஒட்டிய துகள். நேரங்காலம் பார்க்காமல் 'படக்' என்றால் நிலைமின்சாரம். ஷூர் கம்பெனி 1978-இல் கொண்டுவந்த வி-15 நான்காம் வகை கார்ட்ரிட்ஜின் (ஊசியைத் தாங்கும் பகுதி) முன்னால், தட்டின் மின்னேற்றத்தை இறக்குவதற்கென்றே கார்பன் நார்த் தூரிகை ஒன்று இருந்தது. கீறலுக்கு யாரும் தூரிகை வைக்க மாட்டார்கள். அந்தக் கரகரப்புதானே அழகு என்பது அடுத்த கட்சி. சுருதிப்பெட்டி சத்தத்தில் அது அடங்கிப்போகலாம். இளையராஜா தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கிய 1986-ஆம் வருஷத்து 'ஹௌ டு நேம் இட்?' தட்டில் வயலின்கள் மூச்சு வாங்கும் இடைவெளியில் யாரோ அப்பளம் நொறுக்கினால் அது என்ன அழகோ!

சரி, பரிகாரம். பணமுள்ளவர்கள் ஸீரோஸ்டாட் துப்பாக்கி வாங்குகிறார்கள். விசையை அழுத்தினால் உள்ளே ஒரு படிகம் நசுங்கி, முனையிலிருந்து அயனிகளைத் தட்டின் மேல் தூவும். அடுப்படி லைட்டரிலும் இருப்பது அதே வித்தைதானே, அதையே காட்டினால் என்ன என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் லைட்டரின் பொறி தன் குழாய்க்குள்ளேயே தாவி முடிந்துவிடுகிறது. வெளியே வருவது சொற்பம். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் விற்கும் மணிக்கட்டுப் பட்டை இன்னொரு யோசனை. செயற்கைக்கோள் கட்டும் ஊராயிற்றே, எலக்ட்ரானிக்ஸ் வேலையில் பூமியோடு கையைக் கட்டிக்கொள்வது அங்கே சகஜம். அதைக் கட்டினால் மனிதரின் மின்னேற்றம் இறங்கும். தட்டினுடையது இறங்காது, விரல் பட்ட இடத்தைத் தவிர. மின்கடத்தாப் பொருளின் பிடிவாதம் அது. வெறுங்கையில் பிடித்த கார்பன் தூரிகை பரவாயில்லை, ஆயிரம் இடத்தில் தொடுகிறது. அதைவிட நல்லது, லேபிள் நனையாமல் காய்ச்சி வடித்த நீரில் கழுவி, நிறுத்தி உலர்த்தி, காகித உறையை விட்டு நிலைமின்சாரம் ஏறாத உறையில் போடுவது. அப்புறம் உலர்ந்த துணியோடு கிட்டே போகாமலிருப்பது.

அறைக் காற்றுக்கே ஈரம் சேர்ப்பது இன்னொரு வழி. பூஞ்சை வருமே என்பார்கள். சென்னையில் எத்தனையோ ரெக்கார்டு அட்டைகள் அப்படிப் போயின, மறுக்கவில்லை. அது மாதக்கணக்கில் காற்று நனைந்தே கிடப்பதன் வேலை. இங்கே தேவை 50 சதவீதம். பூஞ்சைக்கு அது பட்டினி. ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று அதை இலவசமாகத் தந்துவிடும். அதுவரை ஈரப்பதமூட்டி வாங்கலாம். இல்லையென்றால் பிளேயர் இருக்கும் அறையில் நனைத்த வேட்டியைக் கொடி கட்டிக் காயப்போடலாம். இயற்பியலில் அதற்கு ஆட்சேபம் இல்லை. விருந்தாளி வரும் நேரத்தில் நடுக்கூடத்தில் வேட்டி தொங்குவது பற்றி வீட்டில் எழும் ஆட்சேபம் வேறு துறை.