பள்ளிகொண்ட எட்டு

வா பேராண்டி, திண்ணையில உக்காரு. மூஞ்சிய ஏன் தொங்கப் போட்டுருக்க? ரஷ்யாக்காரன் செஞ்ச பழைய லென்ஸு, எடுக்குற படமெல்லாம் அவுட்டாவுதா? அதுக்குத்தான் இந்தத் திருப்புளிப் பொட்டியும் கிரீஸ் டப்பாவுமா? ஓரமா வை. தேவைப்பட்டா எடுத்துக்கலாம். தேவைப்படாது.

உன் புதுக் கேமராவுக்குத் தானா ஃபோகஸ் புடிக்கிற லென்ஸு இருக்குல்ல? கொக்கு பறந்தாலும் அதோட கண்ணுல போய் நிக்குதுன்னு நீதானே பீத்திக்கிட்ட? அதக் கழட்டி அலமாரியில வெச்சுட்டு, அம்பது வருசத்துக் கண்ணாடியத் தேடிப் புடிச்சு மாட்டியிருக்க. கேட்டா 'கேரக்டர்' இருக்குங்குற. ஏப்பா, அது பொண்ணு கொடுக்குறவங்க விசாரிக்கிற சமாச்சாரம் இல்லையா? லென்ஸுக்கு எப்ப வந்துச்சு?

ஹீலியோஸ் 44-ன்னு பேரு. ஜெர்மனியில சைஸ் கம்பெனி போட்ட பயோட்டாரப் பாத்து சோவியத்துல செஞ்சது. 58 மில்லிமீட்டர். இலைதழைக்கு முன்னால ஆள நிறுத்தி எடுத்தா, பின்னாடி இருக்குறதெல்லாம் வட்டமாச் சுழலுதாம். சுழல் பாக்கணும்னா முக்கொம்புல தண்ணி தொறக்கிறப்ப போய் நில்லேன். அதுக்கு எதுக்கு ரஷ்யா?

லென்ஸு மலிவுதான். ஆனா அத மாட்ட ஒரு அடாப்டரு, கிரீஸு ஒரு டப்பா, ஜப்பான் திருப்புளி ஒரு செட்டு, கூர்மை பாக்கக் கோடு போட்ட அட்டை ஒண்ணு. சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அதுலயும் பாரு, ஜப்பான் திருப்புளி ஜப்பான் லென்ஸோட பிளஸ் தலை ஆணிக்குத்தான் அச்சா உக்காரும். உன் லென்ஸுல இருக்குறது ஒத்தக்கோட்டு ஆணி. லென்ஸு ரஷ்யா, திருப்புளி ஜப்பான், பிரிக்கப்போறவன் ஸ்ரீரங்கம். வெளங்குமா?

சரி, ஒண்ணு கேக்குறேன், யோசிச்சுச் சொல்லு. கிட்டக்க இருக்குற மூஞ்சி மங்குதா, தூரத்துல இருக்குற கோபுரம் மங்குதா? ரெண்டும்ங்குறியா? அப்ப நோவும் ரெண்டு. வைத்தியன் நாடி பாக்குறதுக்கு முன்னாடி கத்திய எடுக்கலாமா?

முதல்ல மூஞ்சி. துவாரத்த முழுசா, எஃப் 2-ல தொறந்து வெச்சுக்கிட்டு ஒரு மீட்டர் தள்ளி நின்னு எடுக்குற. அப்படி எடுத்தா கூர்மையா விழுற இடம் எவ்ளோன்னு நினைக்கிற? ரெண்டு விரக்கடை. மூக்குல புடிச்சா காது போச்சு. நீ வளையத்தத் திருகிட்டு, மூச்ச இழுத்து, குதிகால மாத்தி, அப்பறம் பட்டன அமுக்குற. அதுக்குள்ள ரெண்டு விரக்கடையும் கடந்து போயிருக்கும். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். துவாரத்த 5.6-க்குக் குறுக்கி, சுவத்துல சாஞ்சு நின்னு எடு. படம் தெளிஞ்சா லென்ஸு குத்தம் இல்ல. ஓரத்துல செவப்பாக் கோடு மினுக்கிக் காட்டுதே உன் கேமரா, அதையும் முழுசா நம்பாத. படத்தப் பெருசு பண்ணிக் கண்ணிமையப் பாரு. அதுக்கு முன்னாடி, கண்ண வெச்சுப் பாக்குற ஓட்டை பக்கத்துல குட்டிச் சக்கரம் இருக்கு பாரு, அத உன் கண்ணுக்குத் தக்கன திருகுனியா? இல்லையா? பலே.

இப்பக் கோபுரம். வளையத்தோட கடைசியில எட்டு ஒண்ணு படுத்துக் கெடக்குல்ல? இன்ஃபினிட்டியாம். நம்ம ஊர்ப் பாஷையில சொன்னா பள்ளிகொண்ட எட்டு. அதுல கொண்டுபோய் முட்ட வெச்சா தூரத்துல இருக்குறது தெளியணும். உனக்குத் தெளியல. ஏன்?

கணக்கு எளிசு. அந்த லென்ஸோட முதுகுல இருந்து ஃபிலிமுக்கு 45.46 மில்லிமீட்டர் எடம் வேணும். உன் சோனி கேமராவுல இருக்குறது 18. மிச்சம் 27.46-ஐ அடாப்டரு ரொப்பணும். செய்யுறவன் என்ன பண்றான்? தூரம் எட்டாமப் போயிடக் கூடாதேன்னு ஒரு மயிரிழை குட்டையாவே செஞ்சுடுறான். அதனால எட்டு வர்றதுக்கு முன்னாடியே கோபுரம் தெளிஞ்சுடுது. நீ முட்டுற வரைக்கும் திருகித் தாண்டிப் போயிடுற. வீட்டுக்கு வந்த விருந்தாளி வாசல்ல நிக்காம கொல்லைப்பக்கம் போய்ட்டு 'யாரையும் காணோமே'ன்னானாம்.

அடாப்டரு தடிச்சுருந்தா நேர் எதிர். எவ்ளோ திருகுனாலும் தூரம் எட்டாது. பழைய நிக்கான் உடம்புல மாட்டுனாலும் அதே கதி. அதுக்கே 46.5 எடம் இருக்கு. அந்த ஒரு மில்லிமீட்டர உன் கிரீஸ் டப்பாவா குறைக்கும்?

படம் முழுக்கப் பால் கலந்தாப்புல வெளிறி இருந்தா அது வேற. லென்ஸுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாரு. நம்ம ஊரு காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல கெடக்குற தீவு. ஈரத்துக்குக் கேக்கவா வேணும்? தோல் உறையில பூட்டி வெச்சா பூசணம் பூக்கத்தான் செய்யும். வளையம் நகராம இறுகுனா மட்டும் கிரீஸப் பத்திப் பேசு. கதவுக் கீலுக்கு அடிக்கிற எண்ணெய அதுல பீச்சிடாத. துவாரத்து இதழெல்லாம் ஒட்டிக்கும்.

பிரிக்கவே கூடாதான்னு கேக்குற. நானும் பிரிச்சவன்தான்டா. மீசை அரும்புன புதுசுல ஒரு ஸ்டூடியோவுல எடுபிடி. அடிக்கணக்குப் பாத்து வளையத்தத் திருகுற கேமரா. இறுகிக் கெடந்துச்சு. யாரும் கேக்காமலே கழட்டித் தொடச்சுப் புதுக் கிரீஸு போட்டேன். அதுல மரை ஒத்த மரை இல்ல, பல மரை கூடி ஓடும். எங்க பிரியுதோ அங்க ஒரு கோடு கிழிச்சு வெச்சுக்கணும். எனக்கு யாரு சொன்னா? மாத்திக் கோத்தாலும் வழுக்கிக்கிட்டு ஏறுச்சு. மறுநாள் கல்யாணம். மாப்பிள்ளை மூஞ்சி மங்கல். பின்னால அடுக்கியிருந்த சீர்வரிசைப் பாத்திரம் பளபளன்னு பேரு படிக்கிறாப்புல தெளிவு. "மரை கழண்டது லென்ஸுக்கா உனக்கா?"ன்னாரு முதலாளி. பிள்ளையார் புடிக்கக் குரங்கா முடிஞ்ச கதை.

1858-ல லின்னியஸ் டிரைப்னு ஒரு வெள்ளைக்கார கேப்டன் இங்க வந்தான். மலைக்கோட்டையையும் ஸ்ரீரங்கத்தையும் படம் புடிச்சான். மாட்டுவண்டியில சாமான், மெழுகு தடவுன காகிதத்துல நெகட்டிவ். கறுப்புத் துணிக்குள்ள தலைய விட்டு, தேய்ச்ச கண்ணாடியில தலைகீழாத் தெரியுறதப் பாத்து ஃபோகஸ் வெச்சான். அப்ப ராஜகோபுரம் மொட்டையா நின்னுச்சு. 13 நிலையும் எழும்பி 236 அடி ஆனது 1987-லதான். அந்தப் படங்கள இன்னும் உலகம் கொண்டாடுது. அவன்கிட்ட இருந்த பெரிய கருவி என்ன தெரியுமா? பொறுமை.

எந்திரி. அந்தக் கோடு போட்ட அட்டைய வீட்டுலயே போடு. அம்மா மண்டபம் படித்துறைக்குப் போவோம். ஆத்துக்கு அந்தாண்ட மலைக்கோட்டை சும்மாதானே நிக்குது? அதவிடப் பெரிய அட்டை எவன் விப்பான்? கேமராவப் படியில வை. உச்சிப் பிள்ளையார் கோயிலப் பெருசு பண்ணிப் பாரு. முட்டுற வரைக்கும் திருகிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாப் பின்னால வா... நிறுத்து! தெளிஞ்சுதா? எட்டுக்கு எவ்ளோ முன்னாடி? ஒரு நூல்தானே? அங்க வெள்ளை மையால ஒரு புள்ளி வை. வைத்தியம் முடிஞ்சுது.

என்னடா, இவ்ளோதானான்னு மூஞ்சி சுருங்குது? பிரிச்சுப் பாத்தாத்தான் உனக்குத் திருப்தியா?

என்னப் பாரு. ரெண்டு கண்ணுலயும் புரை எடுத்து லென்ஸு வெச்சுருக்கு. திருக வளையம் கெடையாது. மலைக்கோட்டை தெரியுது, பேப்பரு எழுத்து தெரியல. கிட்டப் பாக்க மூக்குக்கண்ணாடி மாட்டிக்கிறேன். அதுக்காக நான் திருப்புளியத் தேடுனேனா?