லைக் பார்க்கும் படலம்

கவிதையை ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை லைக் எண்ணுகிறேன். இது வியாதியா சார்?

ஐந்து நிமிடம் பொறுக்கிறீர்களா? நீங்கள் ஞானி!

பாராட்டுக்காகப் போடுகிறேனா, வாசகருக்காகவா? எப்படிக் கண்டுபிடிப்பது?

யாராவது ஒருவர், 'மூன்றாவது வரி இடிக்கிறதே' என்று கமென்ட் போடட்டும். அந்த வரியைத் திரும்பப் படித்தால் வாசகருக்காக. அவருடைய புரொஃபைலைக் குடைந்தால் பாராட்டுக்காக.

அந்தக் காலப் புலவர்களுக்கு இந்த ஆசை உண்டா?

தொல்காப்பியமே நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாகப் பாயிரம் சொல்கிறது. ஒரே வித்தியாசம், ஆசான் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் லைக் போட்டார்!

யாருக்கும் காட்டாமல் எழுதினால் என்ன?

அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனைச் சொல்வார்கள். சுமார் 1,800 கவிதைகள் எழுதினார். 1886-ல் இறக்கும்வரை அச்சேறியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆனால், அண்ணி சூசனுக்கு 200-க்கு மேல் அனுப்பிவைத்திருக்கிறார். ஊர் வேண்டாம் என்றவருக்கும் ஒரு வாசகி வேண்டியிருந்தது. தப்பே இல்லை.

லைக் கணக்கை மறைத்துவிட்டால் நிம்மதியா?

இன்ஸ்டாகிராமில் 2021-லிருந்து மறைக்கலாம். ஊருக்குத்தான் தெரியாது, உங்கள் பதிவின் கணக்கு உங்களுக்குத் தெரியும். போச்சா நிம்மதி?

அடுத்த கவிதையை, மதிக்கிற ஒரே ஒருவருக்கு மட்டும் அனுப்பிப் பாருங்கள். அதற்கப்புறமும் எழுதக் கை பரபரத்தால், தாராளமாக ஊருக்கும் போடுங்கள்.