கண்ணாடித் தொட்டிக்கு ஒறைமோர்

வாடா கண்ணு, சித்தெ உக்காரு. ஞாயித்துக்கெழமை காத்தால பத்து மணிக்குத் தொட்டி வந்துச்சு. பதினொண்ணுக்குத் தண்ணி ரொப்புனே. பன்னெண்டுக்கெல்லாம் இருபது மீனு. செவ்வாக்கெழமை பொடக்காலில குழி தோண்டிக்கிட்டு நிக்கறே. கேட்டா, "அப்புச்சி, கடைக்காரன் சீக்கு மீனைக் குடுத்து ஏமாத்திப்போட்டான்"ங்கறே. ஏஞ்சாமி, நூறு ஒரம்பரைய மண்டபத்துக்கு வரச்சொல்லிப்போட்டு கக்கூஸ் கட்ட மறந்தவன் நீயி. பந்தி போட்டவனை வைஞ்சு என்ன பண்ண?

மீனு தின்னா கழியும். அதுல அமோனியா கெளம்பும். கோழிப்பண்ணைக்குள்ள தலைய நீட்டுனா கண்ணுல சுர்ருன்னு ஏறுதே, அதே சனியன்தான். மக்காத கோழிக்குப்பைய அள்ளிக் கொட்டி மஞ்சக்காட்டுல ஒரு பாத்தியவே பொசுக்குனவன் நான். உன்ற அமுச்சி இன்னிக்கும் ஒரம்பரை வந்தாச் சொல்லிக் காட்டறா. அதனால இந்த விசயத்துல எனக்கு அனுபவம் ஜாஸ்தி.

காட்டுல எருவு மக்கற மாதிரி தண்ணிக்குள்ளயும் ஒரு வேலை நடக்கோணும். கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா, ஒரு கூட்டம் அமோனியாவ நைட்ரைட்டாக்கும். அதும் வெசந்தான். இன்னொரு கூட்டம் அதைப் புடிச்சு நைட்ரேட்டாக்கும். அது செடிக்குச் சோறு. யூரியா போட்டா மண்ணுல நடக்கறதும் இதேதான், நீ படிச்ச காலேஜுல சொல்லாம உட்டிருப்பாங்க. செடி நெறைய இருந்தா அமோனியாவையே கொஞ்சம் நேராவும் உறிஞ்சிக்கும். செடித் தொட்டி வெக்கறதுல லாபமே அதுதான். போட்டோவுக்கு நல்லா இருக்கறது அப்புறம்.

இந்தக் கூட்டம் குடியேற நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். நம்ம பவானிசாகர் அணைய 1948-ல ஆரம்பிச்சு 1955-ல முடிச்சாங்க. கீழ்பவானி வாய்க்காலுக்காக அத்தனை வருசம் வாயத் தொறந்துக்கிட்டு இருந்த சனம் நாங்க. உனக்கு ஆறு வாரம் பொறுக்கல.

அந்த ஆறு வாரமும் மீனே இல்லாத தொட்டிக்கு தெனம் ஒரு சிட்டிகை தீனி போடு. அது அழுகி, அமோனியா வந்து, பாக்டீரியா தின்னு பெருகட்டும். பாக்கறவிய பைத்தியம்பாங்க, சொல்லட்டும். வெசயா ஆகோணும்னா பழைய தொட்டி வெச்சிருக்கற சிநேகிதன்கிட்டப் போயி, அவன்ற பில்டர்ல இருக்கற அழுக்குப் பஞ்சுல ஒரு துண்டு கேட்டு வாங்கியா. பக்கத்தூட்டுல ஒறைமோர் வாங்கறதில்லையா, அதேதான்.

ஒறைமோர்னு சொன்னதும் ஞாபகம் வருது. போன வருசம் உன்ற சிநேகிதன் ஒருத்தன், பஞ்சு அழுக்கா இருக்குதுன்னு கொழாயடில வெச்சு வெள்ளை வெளேர்னு கசக்கிப் புழிஞ்சான். கொழாய்த் தண்ணில குளோரின். குடியிருந்த கூட்டமெல்லாம் அதோட காலி. பஞ்சை, தொட்டில இருந்து எடுத்த தண்ணிலயே அலசோணும். புதுத் தண்ணி ஊத்தறதுன்னாலும் ஒரு நாள் வாளில வெச்சிரு, இல்லீனா குளோரின் எடுக்கற சொட்டு மருந்தை உடு. மொத்தத் தண்ணியவும் ஒரேயடியா மாத்தாதே. வாரம் ஒருக்கா கால்வாசி போதும்.

நம்மூர் போர் தண்ணி பக்கெட்டுல வெள்ளையாப் படியுது பாரு. நியான் டெட்ராவுக்கு அது ஆகாது. கப்பி, மோலிக்கு அது பொறந்தூடு. ஆனா ரெண்டு கப்பி வாங்குனா ரெண்டோட நிக்கும்னு நெனைக்காதே. கல்யாணமாகி அஞ்சு வருசமாச்சுன்னு உன்ற அக்காளைப் பாத்து ஊரு கேக்கற கேள்விய கப்பிகிட்ட ஆரும் கேக்கறதில்லை, மாசத்துக்கொரு ஈத்து.

செடில வேலம்பாசியவே போடு, வாய்க்கால்ல தானா வளர்றது. ஜாவா பெர்ன், அனுபியாஸ் வாங்குனா கெழங்கு மாதிரி இருக்கற தண்டை மணலுக்குள்ள பொதைக்காதே, அழுகிப்போகும். கல்லுல நூலு சுத்திக் கட்டு. மஞ்சளைப் பொதைச்சுப் பழகுன கையி, எனக்கும் முதல்ல புரியல. லைட்டு ஆறுல இருந்து எட்டு மணி நேரம். சன்னலோரம் வெச்சீன்னா தொட்டி மொத்தம் பச்சைப் பாசிதான். அப்புறம் ரெண்டடித் தொட்டி, தண்ணி மட்டுமே 56 லிட்டர். மணலு, கண்ணாடி சேந்தா ஒரு ஆளு கனம். டிவி ஸ்டேண்டு மேல வெச்சுப்போட்டு என்னையக் கூப்புடாதே.

நேத்து நத்தையப் பாத்தொடனே நசுக்குனியே, அது தப்பு. 1850 வாக்குல லண்டன்ல ராபர்ட் வாரிங்டன்னு ஒரு கெமிஸ்ட், ரெண்டு தங்கமீனையும் வாலிஸ்நேரியாச் செடியையும் ஒரு கண்ணாடித் தொட்டில போட்டுப் பாத்தாரு. அழுகுன இலைல தண்ணி கலங்கிப் போச்சு. குளத்து நத்தைய உட்டாரு. நத்தை அழுகலைத் தின்னுச்சு, நத்தை முட்டைய மீனு தின்னுச்சு, தண்ணி தெளிஞ்சுது. உலகத்துல மீன் தொட்டி வெக்கறவன் அத்தனை பேருக்கும் அவருதான் பாட்டன், அந்தப் பாட்டனுக்குப் புத்தி சொன்னது நத்தை.

டேங்க் கிளீனர்னு விக்கறானே, அந்தக் கருப்பு மீனு, அதை மட்டும் வாங்காதே. குட்டில தம்மாத்தூண்டு; வளந்தா ஒண்ணேகால் அடிக்கும் மேல. சலிச்சுப்போயி சனங்க ஏரில ஆத்துல உட்டு, தமிழ்நாட்டுல பல தண்ணில அது இப்பப் பெருகிக் கெடக்குது. வெள்ளோட்டுக் குளம் 2022-ல ராம்சார் ஈரநெலப் பட்டியல்ல சேந்துச்சு, பக்கத்துலயே இருக்குது. எந்த மீனு சலிச்சாலும், அங்கயோ கீழ்பவானி வாய்க்கால்லயோ கொண்டுபோயி உட்றாதே சாமி.

மாத்தற தண்ணியச் சாக்கடைல ஊத்தாதே. அத்தனையும் நைட்ரேட்டு. நம்மூட்டுக் கருவேப்பிலைக்கு ஊத்து.