காத்து பாத்தாச்சா?

லோடு ஏற்றி முடித்ததும் அப்பா வேப்பங்கட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வருவார். டயருக்கு ஒரு தட்டு. கட்டை ‘டங்’கென்று துள்ளினால் காற்று சரி. ‘தொப்’பென்று அமுங்கினால் குறைச்சல். “காத்து பாத்தாச்சு, ஏறு கண்ணு” என்பார். நான் கிளீனர் சீட்டில் ஏறிக்கொள்வேன். 2009. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து குட்டியானையில் பாலக்காட்டுக்குக் காய் கொண்டுபோன காலம்.

குட்டியானை என்று நாங்கள் கூப்பிட்ட டாடா ஏஸ் 2005இல் வந்தது. லாரி வாங்க வழியில்லாத எங்களைப் போன்றவர்களையும் சொந்த வண்டிக்காரர்களாக்கியது. அதில் 750 கிலோ ஏற்றலாம், அதாவது ஐம்பது கிலோ மூட்டை 15. நாங்கள் ஏற்றியது 25. அதற்கும் மேலே, மூட்டை இறக்க ஒரு லோடுமேன் அண்ணன் உட்கார்ந்து வருவார். வாடகை கட்டுப்படியாக வேண்டுமே என்பது எல்லாருடைய நியாயமும்.

சக்கரம் 12 அங்குலம். லாரிச் சக்கரம் ஒருமுறை சுற்றுகிற தூரத்துக்கு இது ஏறக்குறைய இரண்டு முறை சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் டயரின் பக்கச்சுவர் பாரத்தில் மடங்கி நிமிர்கிறது. பாரம் கூடினாலும் காற்று குறைந்தாலும் அந்த மடிப்பு பெரிதாகும், உள்ளே சூடு ஏறும். சூடு ஏற ஏற ரப்பரும் உள்ளிருக்கும் இழையும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். கட்டையால் தட்டினால் இது கேட்காது.

அது மே மாதம். உடுமலை தாண்டியதும் முன்பக்க இடது டயர் பஞ்சர். ஸ்டெப்னியைக் கழற்றி மாட்டினோம். பழைய டயர் கடை ஒன்றில் சல்லிசாக வாங்கியது அது. ரோட்டில் படுகிற பட்டன் கொஞ்சமும் தேயவில்லை, பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும். அப்பா தட்டிப் பார்த்தார். ‘டங்’.

பொள்ளாச்சியைக் கடந்து கொஞ்ச தூரத்தில் வெடித்தது. அப்பா பிரேக்கில் கால் வைக்கவில்லை. ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். பிரேக்கை அழுத்தியிருந்தால் வண்டி அங்கேயே கவிழ்ந்திருக்கும். இடதுபக்கமாக இழுத்துக்கொண்டு போய் மண்ணில் இறங்கி, ஒரு புளியமரத்தில் சாய்ந்து நின்றது. எங்கள் இருவருக்கும் கீறல்கூட இல்லை. மேலே இருந்த அண்ணன் தூக்கி எறியப்பட்டு இடுப்பு எலும்பு முறிந்து கிடந்தார். அதன்பிறகு அவர் மூட்டை தூக்கவே இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பா அன்று ராத்திரி முழுக்கச் சொன்னது ஒன்றுதான். “காத்து பாத்தேனே, நல்லாத்தானே இருந்துச்சு.”

ரோட்டில் கிடந்த டயர்ப் பட்டையை மறுநாள் போய் எடுத்தேன். பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவே, கோடையில் குளத்து வண்டல் வெடித்ததுபோல மெல்லிய கீறல்கள். ஓடித் தேயாமலேயே ரப்பர் கிழடாகும் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. டயரின் பக்கவாட்டில், ஒரு நீள்வட்டக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 3419 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 34ஆவது வாரத்தில் செய்தது. அப்பாவுக்கு எண் வாசிக்கத் தெரியும். அங்கே ஓர் எண் இருப்பதுதான் தெரியாது.

இப்போது என் அக்கா மகன் பெரிய பிக்கப் ஓட்டுகிறான். டியூப்லெஸ் டயர். பங்கில் காற்று அளவு டிஜிட்டலில் தெரிகிறது. வேப்பங்கட்டை போயே போய்விட்டது. டியூப் இருந்த காலத்தில் ஆணி ஏறினால் சீக்கிரமே காற்று இறங்கி வண்டியை நிறுத்தியாக வேண்டும். டியூப்லெஸ்ஸில் ஆணி அப்படியே குத்தி நிற்க, காற்று நாள்கணக்கில் கசியும். வண்டியும் ஓடும். அரைக்காற்றில் ஓடுவதுதான் டயரை உள்ளுக்குள் வேகவைக்கிறது. டிஜிட்டல் மீட்டர் இருந்தும், காலையில் வண்டி ஓடுமுன் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றுப் பார்ப்பவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். அதைக் காட்ட, பள்ளத்துக்குள்ளேயே சின்ன மேடு வைத்துத்தான் டயரே வருகிறது. அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்த டயர்களோடு, காதுகுத்துக்கும் கோயிலுக்கும் பெண்களையும் பிள்ளைகளையும் பின்னால் நிற்கவைத்துக் கொண்டுபோகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது.

போன வாரம் அவன் வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்டெப்னியில் அப்பியிருந்த மண்ணைத் துணியால் துடைத்தேன். 1413. “பட்டன் அப்படியே இருக்குங்க மாமா, எதுக்குங்க கழட்டறீங்க?” என்றான். கழற்றி உருட்டி வந்து வாசல் வெயிலில் போட்டு விரல் வைத்துக் காட்டினேன். பட்டன்களுக்கு நடுவே அதே கீறல்கள். அவன் ஒன்றும் பேசவில்லை. “பழைய டயர் கடையில போட்டா ஏதாவது தருவாங்க” என்றான் கொஞ்ச நேரம் கழித்து.

உள்ளே போய் அரிவாளை எடுத்து வந்தேன். இன்னொரு வண்டியில் அது ஏறவே கூடாதென்று, பக்கச்சுவரை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அறுத்துப் போட்டேன்.